இயல்பு என்ற கற்பிதம்

2016 ஜனவரியில் இந்திய வானிலைத் துறை 'வறட்சி' என்ற வார்த்தையைத் தன் அகராதியிலிருந்து நீக்கிவிட்டது. இனி மழை பொய்த்த வருஷத்துக்குப் 'பற்றாக்குறை ஆண்டு' என்று பெயர். இன்னும் மோசமாகப் பொய்த்தால் 'பெரும் பற்றாக்குறை ஆண்டு'. மழையை அளப்பதுதான் எங்கள் வேலை, வறட்சியை அறிவிப்பது மாநில அரசுகளின் பொறுப்பு என்று துறை காரணம் சொன்னது. நிர்வாக ரீதியாக அதில் குற்றம் காண முடியாது. ஆனால் ஒரு வார்த்தையின் பொருட்டு வருஷக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கக்கூடிய நாம், ஒரு கவிதையில் 'வெறுமை' வரவேண்டிய இடத்தில் 'சூன்யம்' வந்துவிட்டதென்று மூன்று இதழ்களுக்குக் கடிதப் போர் நடத்தக்கூடிய நாம், இதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சித்தப்பாவின் வயல் வெடித்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான், நான் பார்ப்பதற்கு அரசாங்கத்திடம் வேறு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இதெல்லாம் தினசரிக்காரன் விஷயம், நம் பத்திரிகைக்கு எதற்கு?" என்றார். தினசரிக்காரன் வெள்ளப் படம் போடுகிறான், மந்திரி பார்வையிட்டதைப் போடுகிறான், மறுநாள் வேறு படத்துக்குப் போய்விடுகிறான். வார்த்தைகளைச் சந்தேகிப்பது அவன் தொழிலில்லை. அது நம் தொழில் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆகவே எழுதுகிறேன்.

1

பருவநிலை மாற்றத்துக்கும் விவசாயத்துக்கும் அரசாங்கத்திடம் கொள்கை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேண்டிய மட்டும் இருக்கிறது. 2008இல் மத்திய அரசு பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் எட்டு இயக்கங்களில் ஒன்று வேளாண்மைக்கு. 2011இல் வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். எல்லாவற்றிலும் 'தாங்குதிறன்', 'நீடித்த நிலை', 'தகவமைப்பு' என்ற சொற்கள் கோயில் தூண்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. இந்த ஆவணங்களோடு எனக்குச் சண்டையில்லை. பருவம் மாறிவிட்டது என்று அவை ஒப்புக்கொள்கின்றன. என் சண்டை, பணம் கைமாறுகிற இடத்தில் இருக்கிற ஆவணங்களோடு. காப்பீட்டு விதி, நிவாரண விதி, கொள்முதல் விதி. இவை மூன்றும் பருவம் மாறவே இல்லை என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இயல்பான ஓர் ஆண்டு எங்கோ இருக்கிறது, விவசாயி அதிலிருந்து எப்போதாவது தவறி விழுகிறான், அப்போது கைகொடுத்தால் போதும் என்பது இவற்றின் அடிப்படை. அந்த இயல்பான ஆண்டு ஒரு கற்பிதம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதியெல்லாம் சாட்சியம்.

வானிலைத் துறையின் கணக்கையே பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் பருவம் முழுவதும் பெய்த மழை நீண்டகாலச் சராசரியிலிருந்து 19 சதவிகிதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு'. சராசரி என்பது 1971லிருந்து 2020 வரை ஐம்பது வருஷத்து மழை. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். ஐப்பசியில் ஒரு சொட்டும் விழாமல், கார்த்திகையில் நான்கே நாளில் 40 சென்டிமீட்டர் கொட்டிவிட்டு மேகம் போய்விட்டால், கணக்குப்படி அது இயல்பான பருவம். புழுதியில் விதைத்தவன் ஐப்பசியில் முளை கருகிப்போக இழக்கிறான். நாற்று நட்டவன் கார்த்திகையில் பயிர் அழுகிப்போக இழக்கிறான். இரண்டு பேரும் இயல்பான மழையில் நஷ்டப்பட்டவர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு முழு வருஷத்தில் அந்தப் பக்கம் பெய்வதைவிட அதிகம். அதையும் சராசரிக்குள் போட்டுக் கரைக்க முடியும். ஐம்பது வருஷம் என்பது பெரிய குளம்.

நெல்லுக்குச் சராசரி தெரியாது. அதற்கு நாள் தெரியும். தூர் கட்டும்போது நாலு நாள் தண்ணீருக்குள் நிற்பதும் பால் பிடிக்கும்போது நாலு நாள் நிற்பதும் அதற்கு ஒன்றல்ல. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கையில் பெய்கிற இரண்டு அங்குல மழை, கதிரைச் சாய்த்து, சாய்ந்த கதிரிலேயே நெல்லை முளைக்க வைத்துவிடும். 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் நடந்தது அதுதான். தை மாசம் அறுப்பு மாசம், வெயில் மாசம் என்று நம்பித்தான் சம்பா, தாளடி என்ற ஏற்பாடே உண்டாயிற்று. தையில் அடைமழை என்பது சராசரியில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற சமாச்சாரம் இல்லை. ஒரு நாட்காட்டி கிழிந்துபோகிற சமாச்சாரம்.

2

2016க்குத் திரும்புகிறேன். அந்த ஒரு வருஷத்தில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. ஜனவரியில் 'வறட்சி' என்ற சொல் போயிற்று. குறுவைப் பருவத்தில் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அமலுக்கு வந்தது. அதே வருஷம் வெண்ணாற்றுப் படுகையில் பருவநிலைத் தகவமைப்புக்கென்று ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்று உறுதி செய்தது. அந்த அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தமிழ்நாட்டில் மழை பெய்யவில்லை. பற்றாக்குறை 62 சதவிகிதம். பதிவுகள் உள்ள காலத்தில் மிக மோசமான வடகிழக்குப் பருவங்களில் ஒன்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவித்தது. டெல்டாவில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டும், கருகிய வயலிலேயே நெஞ்சடைத்து விழுந்தும் செத்தார்கள். அந்த மார்ச்சில் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வறட்சியால் விவசாயி எவரும் சாகவில்லை, செத்தவர்களுக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன என்ற ரீதியில் ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு பதில் சொன்னது.

சொந்தக் காரணம். இந்த ஒரு பிரயோகத்துக்காகவே இந்தக் கட்டுரை எழுதலாம்.

காப்பீட்டுக்கு வருவோம். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம் மட்டும் விவசாயி கட்டுகிறான். மீதிப் பிரிமியத்தை அரசுகள் கட்டுகின்றன. பார்வைக்குத் தாராளமான ஏற்பாடு. இழப்பை எப்படி அளக்கிறார்கள்? கடந்த ஏழு வருஷ மகசூலில் சிறந்த ஐந்தை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். அதில் ஒரு சதவிகிதத்தை வாசல்படி என்று வைக்கிறார்கள். இந்த வருஷ மகசூல் படிக்குக் கீழே போனால் இழப்பீடு. மேலே நின்றால் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கோட்பாடு ஏதும் வேண்டாம். ஒரு ஊரில் ஏக்கருக்கு 40 மூட்டை விளைகிறது. ஏழு வருஷத்தில் இரண்டு மோசம், அந்த இரண்டில் 15 மூட்டை. சிறந்த ஐந்தின் சராசரி 40. எண்பது சதவிகிதம் என்று கொண்டால் படி 32 மூட்டை. இந்த வருஷம் 26 கண்டால் ஆறு மூட்டை குறைவு; அந்த விகிதத்தில் பணம் வரும். நியாயம். இப்போது பருவம் கெடுகிறது. ஏழில் நான்கு வருஷம் 15 மூட்டை. சிறந்த ஐந்தில் மூன்று நல்லவை, இரண்டு கெட்டவை, சராசரி 30, படி 24. இந்த வருஷமும் அதே 26 மூட்டைதான். இழப்பு இல்லை! வயலும் அதே, மழையும் அதே, விளைந்ததும் அதே. அடிமேல் அடி வாங்கியவன் நிமிர்ந்து நிற்கிறான் என்று காகிதம் சொல்கிறது. நல்ல நிலத்தில் எப்போதாவது விபத்து நடக்கும் காலத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தும். விபத்தே பருவமாகிவிட்ட காலத்தில், விவசாயி எவ்வளவு அதிகம் இழக்கிறானோ அவ்வளவு குறைவாக எதிர்பார்க்கக் கற்றுக்கொடுக்கிற யந்திரமாக இது மாறிவிடுகிறது.

இதுவும் அவன் வயலை அளந்து சொல்வதில்லை. கிராமத்துக்கு நான்கு இடத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் அறுத்துப் பார்க்கிறார்கள். மொத்தம் நூறு சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட். மேட்டு வயலும் கடைமடைப் பள்ளமும் அந்த இரண்டரை சென்டில் ஒன்றாகிவிடுகின்றன. தன் வயல் மட்டும் மூழ்கியவனுக்குத் தனியாக மதிப்பிட ஒரு வழி இருந்தது. நெல் மூழ்குவதை 2018இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, காப்பீட்டுக்காரர்கள் 'ஒழுக்க அபாயம்' என்கிற விஷயம்: காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் ஆள் அசிரத்தையாக இருந்துவிடுவான் என்ற பயம். அதாவது வடிகால் தூர்ந்த ஊரில், மூன்று இரவு மண்வெட்டியோடு வரப்பில் நின்றவனை, பயிரை வேண்டுமென்றே மூழ்கவிட்டிருக்கலாம் என்று சந்தேகித்திருக்கிறார்கள். கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியதும் அதே 2018 நவம்பரில்தான். மறுபடி நெல் மூழ்குவதைச் சேர்க்கிறோம், 2026 குறுவைப் பருவத்திலிருந்து, என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். சரி. நடுவில் போன ஏழு வருஷத்து ஒழுக்கத்தை யார் பரிசோதிப்பது?

நிவாரண விதிக்கு இன்னொரு படி: 33 சதவிகிதம். 2015க்கு முன் 50 ஆக இருந்தது; குறைத்தது நல்ல காரியம்தான். 2023 பிப்ரவரியில் 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. மத்திய விதியில் இருப்பதைவிட அது கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுக்க வந்தவர் போன பிறகு சித்தப்பா என்னிடம் சொன்னார்: "தம்பி, தண்ணிக்குள்ள கெடக்குற கதிரப் பாத்து முப்பத்திரண்டா முப்பத்திநாலான்னு யோசிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல? அவரு மேலயும் தப்பில்ல. அவருக்கு ஒரு நம்பர் வேணும்."

தப்பித்து அறுத்தவனுக்குக் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. மழையில் அறுத்த நெல் 17இல் எப்படி நிற்கும்? மாநில அரசு 22 வரை தளர்த்தக் கேட்கும். டெல்லியிலிருந்து குழு வரும். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். மாதிரி எடுத்துப் போகும். சில வருஷம் 19 என்று உத்தரவு வரும், சில வருஷம் 20. அதற்குள் சாலையோரத்துக் குவியல் முளைவிட்டிருக்கும். மழை எத்தனை முறை வந்தாலும் ஒவ்வொரு முறையும் அது விதிவிலக்கு; ஒவ்வொரு முறையும் புதுக் கடிதம், புதுக் குழு. விதிவிலக்கு வருஷந்தோறும் வந்தால் விதியைத் திருத்து என்பது சாதாரண புத்தி. நிர்வாகத்துக்குச் சாதாரண புத்தி கட்டுப்படியாவதில்லை.

3

அரசாங்கம் செய்ததில் நல்லது இல்லையா என்றால், இருக்கிறது. வெண்ணாற்றுப் படுகையில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாற்று வடிகால் என்று கரைகளைப் பலப்படுத்துகிற வேலை உண்மையான தகவமைப்பு. வடிகால்தான் டெல்டாவின் உயிர் என்று யாரோ ஒரு பொறியாளருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளத்தைத் தாங்கும் நெல்லையும் விஞ்ஞானிகள் கொடுத்திருக்கிறார்கள். ஒடிசா விவசாயிகள் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பழைய நெல்லில் இருந்த குணத்தைக் கண்டெடுத்து, 2009இல் ஸ்வர்ணா ரகத்தில் ஏற்றி வெளியிட்டார்கள். நம் ஊர் சி.ஆர். 1009லும் ஏற்றியிருக்கிறார்கள். இளம்பயிர் இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூச்சடக்கி இருக்கும். இதைக் கேலி செய்கிறவன் மூடன். ஆனால் அந்தக் குணம் வேலை செய்வது இளம்பயிரில். தையில் கதிரோடு சாய்கிற பயிருக்கு அது உதவாது. அந்த இடத்தில் விதை முடிந்து விதி தொடங்குகிறது. விதியைத் திருத்தத்தான் யாருமில்லை.

'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது. தண்ணீர் மிச்சம், நெல்வயலிலிருந்து போகிற மீத்தேனும் குறையும். நல்ல முறைதான். ஆனால் எப்போது பாய்ச்சுவது என்று தீர்மானிக்கிற சுதந்திரம் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவனுக்குத்தான் உண்டு. முறைவைத்துத் தண்ணீர் விடுகிற கடைமடைக்காரன், வரும்போது தேக்கிக்கொள்ளாவிட்டால் அடுத்து எப்போது வருமோ என்று பயந்தே தேக்குகிறான். மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் தன் குறுவையை வைத்துக்கொண்டு நிற்பவனிடம், உன் வயலிலிருந்து காற்றுக்குப் போகும் வாயுவைக் குறைத்துக்கொள் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் பேசியதெல்லாம் நிலம் உள்ளவன் அழுகையாகிவிடும். காப்பீடும் நிவாரணமும் அடங்கலைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. குத்தகைக்காரனுக்கும் உண்டு என்று விதி சொல்கிறது. எழுதாத குத்தகைக்கு அடங்கல் வாங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த விதியின் பலம். கூலியாளுக்கு விதியிலேயே இடமில்லை. நட்ட பயிர் அழுகினால் களையெடுப்பு இல்லை. கதிர் முளைத்தால் அறுப்பு இல்லை. அந்த நாட்கூலி எந்தச் சராசரியிலும் ஏறுவதில்லை, ஆகவே எதிலிருந்தும் இறங்குவதுமில்லை. கீழ்த்தஞ்சையில் இந்தக் கூலியாட்களில் பெரும்பகுதி தலித்துகள். 1968இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்தது நெல்லில் அளக்கிற கூலியைக் கூட்டிக் கேட்டதன் பின்னணியில். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நெல்லே இல்லாத வருஷத்தில் என்ன கூலி என்று பருவநிலைக் கொள்கை எதுவும் கேட்கவில்லை.

4

இனி நம்மிடம் வருகிறேன். நிர்வாகத்தின் மொழி மட்டும்தானா சராசரியில் வாழ்கிறது? நம் கவிதைகளில் வருகிற விவசாயியைப் பாருங்கள். வெடித்த நிலம், உள்வாங்கிய கண், வானம் பார்த்த முகம். அவனுக்கு ஊர் இல்லை, மாசம் இல்லை, பயிர் இல்லை, கடன் இல்லை. அவன் ஒரு சராசரி விவசாயி. வறண்ட நிலம் என்று ஒரு கவிதையில் வந்தால் கவிஞரின் மனசுதான் வறண்டிருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள இருபது முப்பது வருஷமாகப் பழகிவிட்டோம். நிலத்தைப் படிமமாக்குவதில் நாம் காட்டிய சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை நிலத்தைப் பார்ப்பதில் காட்டவில்லை. சாயாவனத்தில் சா. கந்தசாமி ஒரு காடு அழிவதை மரம் மரமாக, கொடி கொடியாகச் சொன்னார். அழிவுக்கு வர்ணம் பூசவில்லை, வேலை எப்படி நடந்தது என்று சொன்னார். 1969இல் வந்த நாவல். அந்த வழியில் எத்தனை பேர் போனோம்?

இன்னொரு கூட்டம் பாரம்பரிய நெல் என்றதும் கண் கலங்குகிறது. நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018இல் போனார். அது பெரிய காரியம். ஒடிசா நெல் இல்லாமல் விஞ்ஞானியின் நெல் இல்லை என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் அவர் ரகங்களை மண்ணில் போட்டுப் பார்த்து, விளைந்ததைப் பகிர்ந்து கொடுத்தவர். நம்மவர்களுக்கோ பெயர்கள் போதும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று பெயர்களை அடுக்கிவிட்டால் பருவநிலைக்குப் பதில் சொல்லியாயிற்று. உயரமாக வளர்கிற அந்தப் பயிர்கள் காற்று மழைக்குச் சீக்கிரம் சாயும் என்பதை ஏக்கம் மறைத்துவிடுகிறது. பழைய இயல்பு ஒன்று இருந்தது, அதற்குத் திரும்பலாம் என்பது இவர்கள் கற்பிதம். அது இன்னும் இருக்கிறது என்பது அரசாங்கத்தின் கற்பிதம். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றது. கருவும் உரியும் அதற்குப் பிறகுதான். இதை நாம் அழகியலாகப் படித்தோம், பாடத்திட்டமாக்கினோம், கருத்தரங்கு நடத்தினோம். பொழுது நிலத்தைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிற நாளில் அந்த வாக்கியம் அழகியலாக மட்டும் இருக்க முடியாது. ஐப்பசியில் ஐப்பசி இல்லை, தையில் தை இல்லை என்றால், அந்த மாசங்களை நம்பி உண்டான சொற்கள் எதைச் சுட்டுகின்றன? ஆடிப்பட்டம், நாற்றங்கால், போரடி, தைப் புதிர் எல்லாம் எதன் பெயர்கள்? இது என் பிரச்னை. உங்கள் பிரச்னையும்கூட.

யோசனை சொல்லாமல் திட்டுகிறான் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆகவே சொல்கிறேன், புதிதாக ஒன்றுமில்லை. கெட்ட வருஷங்கள் வாசல்படியைக் கீழே இழுக்காதபடி காப்பீட்டின் அடிப்படை மகசூலை நிறுத்தி வையுங்கள். பருவத்தின் கூட்டுத்தொகையை விட்டு, பயிரின் வயதையும் மழையின் நாளையும் வைத்து இழப்பைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் உலர்த்தும் யந்திரத்தை வையுங்கள், டெல்லிக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக. பயிர் போன கிராமத்தில் போன கூலி நாட்களையும் எண்ணிக் கொடுங்கள். இவற்றில் ஒன்றுக்கும் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. ஒரு அரசாணையும் கொஞ்சம் பணமும் போதும்.

நமக்கு ஒன்று. அடுத்த முறை ஊர்ப் பக்கம் போகும்போது காப்பீட்டு ரசீது ஒன்றை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒரு மோசமான கவிதைத் தொகுப்பைப் படிக்கிற கோபத்தோடு படியுங்கள். எந்தச் சொல் எதை மறைக்கிறது என்று எழுதுங்கள். சித்தப்பா தன் ரசீதை என்னிடம் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு, நீதான் எழுதுறவனாச்சே" என்றார். மூன்று முறை படித்தேன். புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்புறம் சொல்றேன் சித்தப்பா" என்று வந்துவிட்டேன். அது 2017. சொல்லவேண்டியதை இப்போதுதான் சொல்கிறேன்.